காய்ச்சலுக்குப் படுத்தவரின் காலையும் பாருங்கள்

மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் நோயாளி பாதுகாப்புக் குழுவினருக்கும்,

என் அப்பா விஷயமாக நான் கொடுத்த புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் வந்து சேர்ந்தது. அதில் இரண்டு விஷயங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அப்பாவின் காலில் ரத்தம் உறைந்ததும் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனதும் "நிமோனியாவுக்குத் தொடர்பில்லாத தனி நிகழ்வு" என்பது ஒன்று. ரத்தம் உறையும் அபாயத்தைக் கணக்கிடும் படிவம் இப்போது சர்ஜிகல் வார்டுகளுக்கு மட்டும்தான், செவிலியர்களின் எழுத்து வேலையைக் குறைப்பதற்காக மெடிக்கல் வார்டுகளில் அதை நிறுத்திவிட்டோம் என்பது இன்னொன்று.

முதலில் சொன்னது தவறு. அந்தத் தவறை நம்பித்தான் இரண்டாவது முடிவை எடுத்திருக்கிறீர்கள். அந்த முடிவு என் அப்பாவோடு நின்றுவிடாது, இன்று உங்கள் மெடிக்கல் வார்டில் காய்ச்சலோடு படுத்திருக்கும் ஒவ்வொருவரையும் பாதிக்கும். அதனால்தான் மறுபடி ஒரு தனிக் கடிதம் போடாமல் இதைப் பொதுவில் எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரை எங்கும் சொல்லவில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும், அது போதும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வயது 74. சளிக் காய்ச்சல் முற்றி நிமோனியா ஆகித்தான் உங்களிடம் வந்தார். ஆக்ஸிஜன் வைத்தீர்கள், ஆன்டிபயாட்டிக் ட்ரிப்ஸ் ஏற்றினீர்கள். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றீர்கள். சிறுநீர் கூடப் படுக்கையிலேயே. அந்தச் சிகிச்சையில் நான் குறை சொல்லவில்லை, நுரையீரல் தேறியது. ஆனால் வார்டில் இருக்கும்போதே அவருடைய இடது கெண்டைக்கால் வீங்கியது, வலது கால் வீங்கவில்லை. தொட்டால் வலி. பணியில் இருந்தவரிடம் சொன்னேன். "படுத்தே இருக்கார்ல, நீர் கோத்திருக்கும்" என்று காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துவிட்டுப் போனார். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அத்தனை படுக்கைகளுக்கு இருந்தது அவரும் இன்னொருவரும்தான். அந்த வீக்கத்தைப் பார்த்ததும் சந்தேகப்படச் சொல்லும் காகிதம் ஒன்று அவர் கையில் இருந்திருக்க வேண்டும். அதை நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

காய்ச்சல் விட்டது, எக்ஸ்ரே தெளிந்தது, டிஸ்சார்ஜ் ஆனார். வீட்டில் பாத்ரூமுக்குப் போகும் வழியில் மூச்சுத் திணறி விழுந்தார். வேறொரு மருத்துவமனையில் காலுக்கு டாப்ளர் ஸ்கேன், நெஞ்சுக்கு சி.டி. இடது காலின் ஆழ்சிரையில், அதாவது தசைக்குள் ஆழமாக ஓடும் சிரையில், கட்டி. அதிலிருந்து பிய்ந்து போன துண்டுகள் நுரையீரல் தமனியில். பிழைத்துக்கொண்டார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். மாடிப்படி ஏற முடியவில்லை, ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் காலைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இனி "தொடர்பில்லாத" என்ற உங்கள் சொல்லுக்கு வருகிறேன்.

நான் மருத்துவர் இல்லை, மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள். எங்கள் பாடத்திட்டத்தில் ரத்தம் உறைவது பதினொன்றாம் வகுப்பில் வரும், நோய்த் தடுப்பாற்றல் பன்னிரண்டாம் வகுப்பில் வரும். நடுவில் ஒரு கோடை விடுமுறை இருக்கிறது. பிள்ளைகள் இரண்டையும் வேறு வேறு சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டு போனால் அதில் ஆச்சரியமில்லை. ஒரு மருத்துவமனையின் பாதுகாப்புக் குழுவும் அப்படியே நினைப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

உயிரினங்களின் வரலாற்றில் இவை இரண்டும் நெடுங்காலமாகப் பின்னிப் பிணைந்தவை. ஒடிசாவின் பாலசோர் கடற்கரையில் ஒதுங்குகிற குதிரைலாட நண்டைப் பாருங்கள். அதன் நீல ரத்தத்தில் மிதக்கும் அணுக்கள்தான் அதற்குக் காவல், அதே அணுக்கள்தான் அதன் ரத்தத்தை உறைய வைப்பதும். சில வகை பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள நச்சு துளி பட்டால் போதும், அந்த அணுக்கள் தம்முள் வைத்திருப்பதைக் கொட்டிவிடும். சுற்றியுள்ள ரத்தம் கூழாகிக் கிருமி அங்கேயே மாட்டிக்கொள்ளும். இதை 1956-இல் ஃபிரெடெரிக் பேங் என்ற அமெரிக்க ஆய்வாளர் கவனித்து எழுதினார். 1964-இல் ஜாக் லெவினோடு சேர்ந்து, இந்த உறைவு அந்த அணுக்களுக்குள் இருந்தே வருகிறது என்று காட்டினார். ஊசி மருந்திலும் ட்ரிப்ஸ் பாட்டிலிலும் பாக்டீரிய நச்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்க உலகம் முழுவதும் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்துவது இந்த நண்டின் ரத்த அணுச் சாற்றைத்தான். கிருமியைக் கண்டால் ரத்தம் உறையும் என்ற ஒரே உண்மையின் மேல் நிற்கிற சோதனை அது. அதில் தேறி வந்த மருந்தை நோயாளிக்கு ஏற்றிக்கொண்டே, தொற்றுக்கும் உறைவுக்கும் தொடர்பில்லை என்று எழுதுகிறீர்கள்.

மனித உடலில் இது இன்னும் சிக்கலாக நடக்கிறது, ஆனால் அடிப்படை அதேதான். திசுக் காரணி என்று ஒரு புரதம் உண்டு. உறைதலைத் தொடங்கி வைப்பது அது. சாதாரண நாளில் அது ரத்தக் குழாயின் உள்ளே ஓடும் ரத்தத்தைத் தொடாமல் சுவருக்கு வெளிப்புறத்தில் இருக்கும். வெட்டுக்காயம் பட்டால்தான் ரத்தமும் அதுவும் சந்திக்கும், உடனே உறைவு தொடங்கும். தொற்று வந்தால் இந்த ஒழுங்கு மாறிவிடுகிறது. மோனோசைட் என்ற வெள்ளையணு, பாக்டீரியாவின் நச்சையோ அழற்சிச் செய்தி கொண்டுவரும் புரதங்களையோ உணர்ந்தால், அந்தத் திசுக் காரணியைத் தானே உற்பத்தி செய்து தன் மேற்பரப்பில் நிறுத்திக்கொள்கிறது. அதாவது காயமே இல்லாமல், ஓடும் ரத்தத்தின் நடுவிலேயே, உறைவைத் தொடங்கும் பொருள் வந்துவிடுகிறது. அங்கிருந்து திராம்பின் என்ற நொதி, திராம்பினால் கட்டியைப் பின்னும் ஃபைப்ரின் நார். இது மிகையானால் மோனோசைட்டும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணுவும் வெடித்துச் சாகும்போது திசுக் காரணியை ரத்தத்தில் சிதறவும் விடுகின்றன. 2019-இல் எலிகளில் இதைக் காட்டியிருக்கிறார்கள்.

அடுத்து நியூட்ரோபில். நம் வெள்ளையணுக்களில் எண்ணிக்கையில் அதிகம் இதுதான். கிருமியை விழுங்கிக் கொல்லும் என்றுதான் நானும் வெகுநாள் நடத்தினேன், அப்போது புத்தகம் அப்படித்தான் இருந்தது. 2004-இல் பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் தொற்று உயிரியல் நிறுவனத்தில் ஃபோல்கர் பிரிங்க்மான், ஆர்துரோ சிக்லின்ஸ்கி குழுவினர் இன்னொன்றைக் கண்டார்கள். நியூட்ரோபில் தன் உட்கருவிலுள்ள டி.என்.ஏ.வையே இழை இழையாக வெளியே வீசி, அதில் கிருமியைச் சிக்க வைக்கிறது. அந்த வலை முழுக்க ஹிஸ்டோன் புரதங்களும் எலாஸ்டேஸ் போன்ற நொதிகளும் ஒட்டியிருக்கும். 2010-இல் பாஸ்டனில் டெனிசா வாக்னர் குழுவினர், இதே வலையில் தட்டணுக்களும் சிவப்பணுக்களும் வந்து ஒட்டி ரத்தக்கட்டிக்குச் சாரமாகிறது என்று காட்டினார்கள். அதன் ஹிஸ்டோன்கள் தட்டணுக்களைத் தூண்டுகின்றன, ரத்தக் குழாயின் உள்சுவரைப் புண்ணாக்குகின்றன. எலாஸ்டேஸ் செய்வது அதைவிட மோசம். திசுக் காரணியைக் கட்டுக்குள் வைத்திருக்கும் தடுப்புப் புரதம் ஒன்று ரத்தத்தில் உண்டு, எலாஸ்டேஸ் அதையே அரித்துவிடுகிறது. இந்த நேரத்தில் கல்லீரலும் சும்மா இருப்பதில்லை, ஃபைப்ரின் நாருக்கு மூலப்பொருளான ஃபைப்ரினோஜனை அதிகமாகச் சுரக்கிறது. உறைந்ததைக் கரைக்கும் ஏற்பாடும் மந்தமாகிறது.

இதெல்லாம் உடலின் முட்டாள்தனம் இல்லை. வெள்ளம் வருகிறதென்று தெரு முனையில் மணல் மூட்டை அடுக்குவது போல, கிருமி பரவாமல் இருக்க நுண்ணிய குழாய்களை உடலே அடைக்கிறது. இதற்கு நோயெதிர்ப்பு உறைவு என்று பெயர் கொடுத்து 2013-இல் மியூனிக் நகரின் பெர்ன்ட் எங்கெல்மானும் ஸ்டெஃபன் மாஸ்பெர்க்கும் எழுதினார்கள். அளவோடு இருந்தால் அது காவல். வேண்டாத இடத்தில், வேண்டாத அளவில் நடந்தால் என் அப்பாவின் கால்.

நுரையீரலில் தொற்று, காலில் ஏன் கட்டி என்று உங்கள் மருத்துவர் ஒருவர் என்னிடம் நேரிலேயே கேட்டார். நல்ல கேள்விதான். பதிலும் இருக்கிறது. அதே மியூனிக் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், எலியின் பெரிய சிரையில் ரத்த ஓட்டத்தை மட்டும் குறைத்தார்கள். சுவரில் கீறல் எதுவும் போடவில்லை. சில மணி நேரத்தில் நியூட்ரோபில்களும் மோனோசைட்டுகளும் அந்தச் சுவரில் வரிசையாக வந்து ஒட்டின. தட்டணுக்கள் அவற்றின் மேல் ஏறின, கட்டி வளர்ந்தது. நியூட்ரோபில்களைக் குறைத்தாலோ, வெள்ளையணுக்களின் திசுக் காரணியை நீக்கினாலோ, டி.என்.ஏ. வலையைக் கரைக்கும் நொதியைக் கொடுத்தாலோ கட்டி சிறுத்தது. இப்போது வார்டை நினைத்துப் பாருங்கள். தொற்றினால் முறுக்கேறிய வெள்ளையணுக்கள் நுரையீரலில் மட்டும் இல்லை, உடல் முழுக்க ஓடும் ரத்தத்தில் இருக்கின்றன. ஓட்டம் மந்தமான சிரை எங்கே? கட்டிலை விட்டு இறங்காத மனிதரின் கெண்டைக்காலில். இரண்டும் சேருமிடத்தில் கட்டி பிடிக்கிறது. படுக்க வைத்தது நீங்கள். படுக்க வைத்தது தப்பு என்று சொல்லவில்லை. படுக்க வைத்த பிறகு காலைப் பார்க்கவில்லை என்கிறேன்.

எலியை விடுங்கள், மனிதர்களுக்கே வருவோம். 2006-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, பிரிட்டனின் குடும்ப மருத்துவர்கள் வைத்திருந்த பதிவேடுகளை அலசியது. சிறுநீர்த் தொற்றோ சுவாசத் தொற்றோ வந்த முதல் இரண்டு வாரங்களில் ஆழ்சிரையில் கட்டி பிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று அது சொன்னது. மருத்துவமனைக்கே போகாதவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அதற்கும் முன்னால், 1999-இல், மெடெனாக்ஸ் என்ற சோதனை. மூச்சுப் பிரச்சினை, தொற்று, இதயச் செயலிழப்பு என்று மெடிக்கல் வார்டில் படுத்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 14.9 விழுக்காட்டினருக்குச் சிரையில் உறைவு. தினம் 40 மில்லிகிராம் ஈனாக்ஸபாரின் என்ற உறைவுத் தடுப்பு ஊசி போட்டவர்களில் 5.5 விழுக்காடு. அறுவைச் சிகிச்சை நோயாளிகள் யாரும் அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். "சர்ஜிகல் வார்டுக்கு மட்டும்" என்ற உங்கள் விதி அதற்கு முன்பு வேண்டுமானால் பொருந்தியிருக்கும்.

நீங்கள் நிறுத்திய படிவம் எவ்வளவு பெரியது என்றும் பார்த்தேன். அரைப் பக்கம். மெடிக்கல் வார்டுக்கென்றே இத்தாலியின் பதுவா நகரத்து மருத்துவர்கள் 2010-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள், உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். நடமாட்டம் இல்லையென்றால் 3. கடும் தொற்று 1. வயது 70 அல்லது அதற்கு மேல் 1. இதயமோ சுவாசமோ செயலிழந்திருந்தால் 1. புற்றுநோய், முன்பே கட்டி வந்திருப்பது, உடல் பருமன் என்று இன்னும் சில. மொத்தம் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாயம் அதிகம் என்று பொருள். அப்பாவுக்கு நான் போட்டுப் பார்த்தேன், 6 வருகிறது. அந்த ஆய்வில் 4 அல்லது அதற்கு மேல் வந்தும் தடுப்பு கொடுக்கப்படாதவர்களில் 11 விழுக்காட்டினருக்கு உறைவு வந்தது. தடுப்பு பெற்றவர்களில் 2.2 விழுக்காடு. குறைந்த மதிப்பெண் உள்ளவர்களில் 0.3. இந்தக் கூட்டலைப் போட எத்தனை நிமிடம் ஆகும் என்று உங்கள் குழுவில் யாராவது ஒருவர் கடிகாரத்தை வைத்துப் பார்த்தீர்களா?

நீங்கள் மட்டும் இப்படி என்று சொல்ல மாட்டேன். 32 நாடுகளின் மருத்துவமனைகளைப் பார்த்து 2008-இல் வெளியான எண்டார்ஸ் ஆய்வில், மெடிக்கல் வார்டில் அபாயத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட உரிய தடுப்பு கிடைக்கவில்லை. இந்தியாவில் ஐந்தில் ஒருவருக்குக்கூட இல்லை. ஊரெல்லாம் இப்படித்தான் என்பதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ளலாம், அல்லது இங்கிலாந்து செய்ததைப் பார்க்கலாம். அங்கே 2010 முதல், எந்த வார்டானாலும் சரி, அனுமதியாகும் பெரியவர்களுக்கெல்லாம் இந்த மதிப்பீட்டைச் செய்து கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்று வைத்தார்கள். டிஸ்சார்ஜ் ஆகி 90 நாளுக்குள் வரும் கட்டியையும் மருத்துவமனையோடு தொடர்புடையதாகவே அங்கே எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கின்படி அப்பாவுக்கு வந்தது உங்கள் ஏட்டில் ஏற வேண்டியது.

இதற்கு நீங்கள் என்ன மறுப்பு சொல்வீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. எல்லோருக்கும் ஹெபாரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்தைப் போட்டால் ரத்தக் கசிவு வராதா? வரும். அதனால்தான் எல்லோருக்கும் போடுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. டெங்குவில் தட்டணு இறங்கிக்கொண்டிருப்பவருக்கு இந்த ஊசி ஆபத்து. குடல் புண்ணில் ரத்தம் வருபவருக்கும், சிறுநீரகம் பழுதானவருக்கும் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதிக மருந்து அதிக நன்மை என்பதும் இல்லை. 2021-இல் கோவிட் நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனைகளில், ஓரளவு நோயுற்றவர்களுக்கு முழு அளவு ஹெபாரின் உதவியது. ஐ.சி.யு.வில் இருந்தவர்களுக்கு உதவவில்லை. செப்சிஸில், அதாவது தொற்றால் உறுப்புகளே பழுதாகும் நிலையில், உறைவைத் தடுத்து உயிரைக் காக்கும் என்று 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஜைகிரிஸ் என்ற மருந்தை, பலனில்லை என்று தெரிந்து 2011-இல் அந்தக் கம்பெனியே திரும்பப் பெற்றது. ஆக, ஒவ்வொருவரையும் தனித்தனியாக எடைபோட்டுத்தான் தீர்மானிக்க முடியும். அந்த எடைபோடும் காகிதத்தைத்தான் நீங்கள் தூக்கிவிட்டீர்கள். ஊசி வேண்டாம் என்று யோசித்து முடிவெடுத்திருந்தால் அதை நான் ஏற்றிருப்பேன். அப்பா விஷயத்தில் அந்தக் கேள்வியையே யாரும் கேட்கவில்லை.

டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை பார்த்திருந்தாலும் பயனில்லை, தொற்று இருந்தால் அது எப்படியும் ஏறியிருக்கும் என்றும் உங்கள் பதிலில் ஒரு வரி இருக்கிறது. சரிதான். ஆனால் ஏன் ஏறுகிறது? உறைந்த ஃபைப்ரின் கரையும்போது வரும் துண்டுதான் டி-டைமர். தொற்றில் அது எல்லோருக்கும் ஏறுகிறதென்றால், தொற்றில் ரத்தம் உறைகிறது என்று அர்த்தம். "தொடர்பில்லாத தனி நிகழ்வு" என்பதற்கு மறுப்பு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒரு பக்கக் கால் மட்டும் வீங்கியிருந்தால் டி-டைமருக்குக் காத்திருக்கவும் வேண்டாம், டாப்ளர் பார்க்கலாம். அந்தக் கருவி உங்கள் கட்டடத்தின் தரைத்தளத்திலேயே இருக்கிறது. அதன் வாசலில் அக்டோபர் 13, உலக உறைவு தினத்துக்கு ஒட்டிய போஸ்டர் இன்னும் கிழியாமல் தொங்குகிறது. அதில் நீண்ட விமானப் பயணம் போகிறவர்களுக்கு அறிவுரை இருக்கிறது. உங்கள் வார்டுகளில் படுத்திருப்பவர்களில் எத்தனை பேர் விமானம் ஏறப் போகிறார்கள்?

நான் கேட்பவை இவை. மெடிக்கல் வார்டுகளில் அபாய மதிப்பீட்டுப் படிவத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அனுமதியாகும் அன்றே நிரப்ப வேண்டும், நோயாளியின் நிலை மாறினால் மறுபடி போட வேண்டும். தடுப்பு ஊசி என்றாலும் வேண்டாம் என்றாலும் காரணத்தை எழுதி மருத்துவர் கையெழுத்திடட்டும். ஊசி போட முடியாதவர்களுக்குக் காலை அழுத்திவிடும் காற்றுப்பட்டைக் கருவியை மெடிக்கல் வார்டுக்கும் கொடுங்கள், அதை சர்ஜிகல் ஐ.சி.யு.வில் பார்த்திருக்கிறேன். நோயாளியை இயன்ற அளவு எழுந்து உட்கார வைப்பதும் நடக்க வைப்பதும் யார் பொறுப்பு என்று பணிப் பட்டியலில் பெயர் போட்டு எழுதுங்கள். இது கூடுதல் வேலைதான். அதற்குக் கூடுதல் ஆள் போடுவது நிர்வாகத்தின் கடமை. செவிலியரின் பளுவைக் காரணம் காட்டி நோயாளியின் பாதுகாப்பைக் குறைப்பது அந்தச் செவிலியருக்கும் செய்யும் அநியாயம்.

ஒரு கால் மட்டும் வீங்கியிருப்பதாக நோயாளியோ கூட இருப்பவரோ சொன்னால் பணி மருத்துவர் வந்து பார்த்துக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும் என்று விதி செய்யுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் தமிழில் நான்கு வரி சேருங்கள்: ஒரு கால் வீங்கினாலோ வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ உடனே வாருங்கள் என்று. கடந்த இரண்டு ஆண்டுகளில் மெடிக்கல் வார்டிலிருந்து வீட்டுக்குப் போய் 90 நாளுக்குள் கட்டியோடு திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, பெயர் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் வெளியிடுங்கள். என் அப்பாவின் கோப்பில் உள்ள "தொடர்பில்லாத தனி நிகழ்வு" என்ற வரியை நீக்கி, நிமோனியாவுக்காகப் படுக்கையில் இருந்தபோது ஏற்பட்ட ஆழ்சிரை உறைவு என்று திருத்தித் தாருங்கள். நாளை வேறொரு மருத்துவர் அவருக்கு மாத்திரையை நிறுத்தலாமா, தொடரலாமா என்று யோசிக்கும்போது அந்த வரி வேண்டும்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசியில் வேண்டாம். படிவம் எந்தத் தேதியிலிருந்து வார்டுக்கு வரும் என்பதும் அதில் இருக்க வேண்டும். இந்த மாதத்துக்குள் வராவிட்டால், கேஸ் ஷீட் நகல், டாப்ளர் அறிக்கை, உங்கள் பதில் கடிதம் மூன்றையும் இணைத்து மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மெடிக்கல் வார்டில் படுத்திருந்தவரின் மகள்